சனிக்கிழமைதோறும் கேட்டைத் தாண்டும் பைகள்

செம்பாக்கம்
ஜூன் 14, ஞாயிறு

அன்பு மகள் சுப்ரஜாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் சர்க்கரையும் அவளுடைய முட்டிவலியும் அதனதன் பாட்டுக்கு இருக்கின்றன, நீயும் மாப்பிள்ளை மகேஷும் அந்த ஊர்க் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் போனில் பேசுகிறவன் திடீரென்று எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. போனில் சொல்ல முடியாத விஷயம், அவ்வளவுதான். வீட்டுக்குள்ளே டவர் கிடைக்காமல் நான் மாடிப்படியில் நின்று பேசுவது உனக்குத் தெரியும், அங்கே பேசுவது கீழே அத்தை வீட்டில் ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது என்று எனக்கே இப்போதுதான் தெரிந்தது. எதிர்வீட்டு பட்டாபிராமன் சாரின் பெண் வெள்ளிக்கிழமை ஆக்லாந்து கிளம்புகிறாள், பருப்புப்பொடியும் இந்தக் கடிதமும் அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். பொடியை ஏர்போர்ட்டில் மறைக்காமல் காட்டச் சொல்லியிருக்கிறேன், கடிதத்தை உன்னைத் தவிர யாரிடமும் காட்ட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

விஷயம் உன் காந்தா அத்தையைப் பற்றியது. அத்தையின் வீடு எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் நீ பார்த்து நாலு வருஷம் ஆகிறது, இப்போது இன்னும் மோசம். ஹாலில் வாசலிலிருந்து சமையலறை வரை ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற வழி மட்டும்தான். ஒரு பக்கம் ஹார்லிக்ஸ் பாட்டில், ஐஸ்கிரீம் டப்பா, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, பழைய காலண்டர். இன்னொரு பக்கம் கைப்பிடி போன குக்கர், ஓடாத மிக்ஸி நாலு. படுக்கை அறையில், அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த காலத்துத் தடித்தடி டைரக்டரிகள், பீரோ மேலே கூரை வரைக்கும். நாம் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொடுத்தால் கிண்ணம் திரும்பாது. அம்மா ஒரு தடவை நம் வீட்டுக் கிழிந்த பாயை வாசலில் போட்டபோது அத்தை இறங்கி வந்து எடுத்துக்கொண்டு போனதை நீயே பார்த்திருக்கிறாய். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல், தன் சம்பளத்தில் இந்த மனையை வாங்கி, மேல்மாடியை எனக்குக் கட்டிக்கொள்ளச் சொன்னவள் அவள்தான், அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அவள் கையை விட்டு ஒரு பொருள் வெளியே போய் நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவள் ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பெரிய துணிக்கடைப் பைகளைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனாள். ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. நான் மேலே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், என்னக்கா எங்கே என்று கேட்டேன். கொடுத்துட்டு வரேன் என்றாள். யாருக்கு என்றால், வேணுங்கறவங்களுக்கு என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள். நான் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டேன். திருமுடிவாக்கத்தில் முப்பத்தொரு வருஷம் கம்பெனி ஸ்டோர்ஸ் பார்த்தவனம்மா நான், கேட் பாஸ் இல்லாமல் ஒரு போல்ட்டு நட்டு வெளியே போனாலும் எனக்குத் தூக்கம் வராது. எந்தப் பொருளும் காரணம் இல்லாமல் நகராது என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அம்மாவிடம் சொன்னேன். நல்லதுதானே, வீடு காலியானா சரி, விடுங்க என்றாள். எனக்கு விட முடியவில்லை. அடுத்த சனிக்கிழமையும் மூன்று பை. அதற்கடுத்த வாரம் நாலு. மனசு ஒவ்வொன்றாக யோசிக்க ஆரம்பித்துவிட்டது. ஏதாவது பெரிய வியாதி வந்து, நாளைக் குறித்துக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்துக் கொடுக்கிறாளோ என்று முதலில் நினைத்தேன். வேறு வீடாக இருந்தால் குப்பையில் மாத்திரை அட்டையாவது பார்க்கலாம், அவள் வீட்டிலிருந்துதான் குப்பையே வெளியில் வராதே. பிறகு, யாரோ நைசாகப் பேசி அவளை வளைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. தனியாக இருக்கிற எழுபத்திரண்டு வயசுப் பெண்பிள்ளை, சொந்தப் பேரில் மனை, ஏரிக்குப் பக்கத்தில், இப்போது என்ன விலை போகிறது என்று உனக்குத் தெரியும். முதலில் பழைய பாத்திரம் வாங்குவார்கள், பிறகு அம்மா என்று கூப்பிடுவார்கள், பிறகு பத்திரம். எனக்கு ஆசை என்று நினைக்காதே. உன் பங்கு, என் பங்கு என்ற கணக்கெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனால் ஏமாந்தாள் என்று நாளைக்கு ஊர் பேசக் கூடாதில்லையா.

ஒரு சனிக்கிழமை ஆட்டோ வருவதற்கு முன்னால் பைகளை வாசலில் வைத்துவிட்டு அவள் உள்ளே போன சமயம், நான் இறங்கிப் போய் ஒரு பையைத் திறந்து பார்த்தேன். தப்புதான். உள்ளே ஒவ்வொரு சாமானிலும் நூல் கட்டி ஒரு சீட்டுத் தொங்கியது, அவளுடைய முத்து முத்தான கையெழுத்து. அஞ்சு லிட்டர் குக்கர், விசில் நன்றாக வரும், கைப்பிடி மட்டும் ஆடும், துணி சுற்றிப் பிடிக்கவும் என்று ஒன்று. ஸ்வெட்டர், இடது கை முட்டியில் தைத்திருக்கிறேன், குளிர் தாங்கும் என்று ஒன்று. இன்னொன்றில் குடை, கம்பி ஒன்று வளைந்தது, வெயிலுக்குப் போதும், மழைக்கு வேண்டாம் என்று. நான் படித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து, செக்யூரிட்டி வேலை முடிஞ்சுதாடா ஜீவா என்று குரல். திரும்பிப் பார்க்காமல் மாடி ஏறிவிட்டேன். அம்மா அன்று முழுக்கச் சிரித்தாள்.

அந்த ஆட்டோ ஓட்டுகிறவர் பேர் ஜோனத்தான், ராஜகீழ்ப்பாக்கம் ஸ்டாண்டு. அவரை ஒருநாள் டீக்கடையில் பிடித்தேன். சேலையூரில் கேம்ப் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஆதரவில்லாத பெண்களுக்கான ஒரு இல்லம், அங்கேதான் போகிறோம் சார் என்றார். இறக்கிவிட்டதும் வந்துவிடுவாளா என்று கேட்டேன். இல்ல சார், அக்கா உள்ள போனா ரெண்டு மணி நேரம் ஆவுது, ஒவ்வொரு வாரமும் ஏதோ பேப்பர்ல கையெழுத்து ஓடிகினு கீது, நான் வெளிய இருந்தே பாப்பேன் என்றார். கையெழுத்து! நான் நினைத்தது சரிதான் என்று நேராக நம் தெரு சுப்ரமணியன் வீட்டுக்குப் போனேன், பத்திரப்பதிவு ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அவர் என் பயத்துக்கு இன்னும் இரண்டு கதை சேர்த்தார். எங்கேயோ ஒரு அம்மா பால் கணக்கு நோட்டு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்தாளாம். இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நம் மனைக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. இன்னும் பதிவாகாமல் இருக்கலாம் ஜீவா என்றார் அவர், அதோடு என் நிம்மதி போயிற்று.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அத்தையை நேராகக் கேட்டிருக்கலாமே என்று நீ நினைப்பாய். கேட்கிற மாதிரி எங்களுக்குள் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தபோது நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். இதான்ப்பா சான்ஸ், அத்தை வரதுக்குள்ள முடிச்சிடுங்க என்று நீயும் போனில் சொன்னாய். அவள் என்னிடம் கொடுத்து வைத்திருந்த சாவியால் திறந்து, பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிட்டு, குட்டி யானை வண்டியில் இரண்டு நடை ஏற்றி அனுப்பினேன். ஹாலைக் கழுவிவிட்டு, அம்மா கோலம்கூடப் போட்டாள். அத்தை கறுப்புக் கண்ணாடியோடு வந்து ஹால் நடுவில் நின்றாள். திட்டுவாள், அழுவாள் என்று பார்த்தேன். கையை நீட்டி என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து நம் வீட்டுச் சாப்பாடு வேண்டாம் என்று விட்டாள், பூட்டை மாற்றினாள், ஒரே வருஷத்தில் ஹால் பழையபடி நிறைந்தது. நான் நல்லதுக்குத்தான் செய்தேன் என்றே இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே அத்தையிடம் கேட்காமல், மே மாதம் மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை நான் மட்டும் அந்த இல்லத்துக்குப் போனேன். சின்ன இடம், மாடி வைத்த பழைய வீடு, பத்தொன்பது பெண்கள் இருக்கிறார்கள். நடத்துகிறவர் ஏசுபாதம் என்று ஒருவர், அவர் மனைவி ஜாஸ்மின். நான் காந்தாவின் தம்பி என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. சாமானைத் திருப்பிக் கேக்க வந்திருக்கீங்களா சார், முன்னாடியே சொல்லிடுங்க, சில வீட்டுல இருந்து அப்படி வராங்க என்றார். நான் அவரைச் சந்தேகப்படப் போனேன், அவர் என்னைச் சந்தேகப்படுகிறார். எனக்கு ஆத்திரம் வந்தது. எங்க அக்கா வாராவாரம் என்ன பேப்பரில் கையெழுத்துப் போடறா, அதைக் காட்டுங்க என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துப் போட்டார்.

சுப்ரஜா, அந்த நோட்டில் அத்தை போட்ட கையெழுத்தே இல்லை. எல்லாம் இல்லத்துக்காரர்கள் போட்ட கையெழுத்து. அத்தை கோடு போட்டு, பொருள், நிலைமை, யார் வைத்துக்கொள்வது என்று மூன்று கட்டம் பிரித்திருக்கிறாள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், இந்தப் பொருளைக் குப்பையில் போட மாட்டோம், பழைய கடையில் போட மாட்டோம், வேண்டாம் என்றால் கீழ்க்கண்ட நம்பருக்குச் சொன்னால் நானே வந்து எடுத்துக்கொள்வேன் என்று எழுதி, கீழே ஏசுபாதமோ ஜாஸ்மினோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். என் வேலையில் நான் வாங்காத கெடுபிடி கையெழுத்து அது. பாதிப் பொருள் எங்களுக்கு ஆகாது சார், ஆனா வேணாம்னு சொல்ல மனசு வரல, அவங்க முகத்தைப் பாத்தா சொல்ல முடியல என்றார் ஏசுபாதம், அப்போதுதான் நாற்காலியைக் காட்டினார். ஜாஸ்மின் சொன்னாள், அத்தை ஒவ்வொரு வாரமும் வந்து முந்தின வாரத்துச் சாமானைத் தேடிப் பார்ப்பாளாம். குக்கர் அடுப்பில் இருந்தால் பக்கத்தில் நின்று விசில் வருகிறவரை பார்த்துவிட்டுத்தான் நகர்வாளாம். ஒருநாள் அவள் கொடுத்த கண்ணாடி பாட்டில் ஒன்று விரிசல் விட்டுப் பின்பக்கம் குப்பைக் கூடையில் கிடந்திருக்கிறது. அதை எடுத்து முந்தானையில் துடைத்து, படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதிருக்கிறாள். பிறகு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம்.

நான் எழுந்திருக்கும்போது ஜாஸ்மின், இப்ப இடுப்பு வலி பரவாயில்லையா அவங்களுக்கு என்று கேட்டாள். என்ன இடுப்பு என்றேன். அவள் ஏசுபாதத்தைப் பார்த்தாள், அவர் என்னைப் பார்த்தார். மாடியில இருக்கற தம்பி நீங்கதானே, உங்களுக்குத் தெரியாதா என்றாள். தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லம்மா சொல்லலையா என்றாள். எல்லம்மா, அதான் கோவளத்திலிருந்து புதன்கிழமை மீன் கொண்டு வருமே, நீ இங்கே இருந்தபோது நண்டு வாங்குவாயே, அதே எல்லம்மாதான். அதனுடைய பெரியம்மா அந்த இல்லத்தில் இருக்கிறாள். எனக்கு ஜாஸ்மின் சொன்னதில் முழு நம்பிக்கை வரவில்லை, இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்களோ என்றுகூட பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். என் புத்தி அப்படி. புதன்கிழமை வரைக்கும் காத்திருந்தேன்.

எல்லம்மா வந்ததும் கேட்டுக்கு வெளியே நிறுத்திக் கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றது, அக்கா சத்தியம் வாங்கிகினு கீது என்றது. நான் விடவில்லை. அது கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மார்ச் மாசம்ண்ணே, கறிக்கு இன்னா வோணும்னு கூவுறேன், பதிலே இல்ல. ஜன்னல்ல காது வெச்சா உள்ள முனகுது. பின்பக்கக் கதவுத் தாப்பாவ மீன் வெட்ற கத்தியாலதான் நெம்பித் தொறந்தேன். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல உயுந்து கெடக்குது, மேல அந்த டெலிபோன் பொஸ்தகம் அத்தினியும் சரிஞ்சி. காலத் தூக்க முடியாம கெடக்குது. வெடியக் காலீல ஆறு மணிக்கு உயுந்ததாம், நான் வந்தப்போ பன்னண்டு ஆவுது. மேல சாரக் கூப்புடட்டான்னேன், கூப்புடாத, கூப்புட்ட நீ என் வூட்டு வாசல மிதிக்காதன்னு சொல்லிச்சுண்ணே. நானும் ஜோனத்தானும்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனோம். எலும்பு ஒடையல, ஊமக் காயம். திரும்பி வந்துகினு இருக்கச் சொல்ல நான்தான் சொன்னேன், இந்தச் சாமான் உன்ன சாவடிக்கும் யக்கா, எங்க பெரிம்மா கீற எடத்துல ஒரு நல்ல குக்கருக்கு வழியில்லாம பேஜாரா கீது, அங்க குடுத்துடேன்னு. மூணு வாரம் யோசிச்சிகினு இருந்துச்சு, அப்பறம் ஒரு பைய எடுத்துச்சு.

ஆறு மணி நேரம். நான் மேலேதான் இருந்தேன். அன்றைக்கு ஒரு சத்தம் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, காலையிலேயே உன் நாத்தனார் உருட்ட ஆரம்பிச்சுட்டா என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்தேன். எந்தப் புதன்கிழமை என்று எல்லம்மாவிடம் கேட்டேன், தன் தம்பி மகள் காதுகுத்துக்கு முந்தின நாள் என்றது, அந்தப் பத்திரிகையை நமக்கும் வைத்திருந்ததால் தேதி தெரிந்துவிட்டது. வீட்டுக்குள் வந்து போனை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு எட்டரை மணிக்கு உன்னோடு இருபத்திரண்டு நிமிஷம் பேசியிருக்கிறேன். நீ வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாய். மாடிப்படியில் நின்றுதான் பேசினேன். என்ன பேசினோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு வந்துவிட்டது. அத்தையோட குப்பையை என்னப்பா பண்ணப் போறீங்க என்று நீ கேட்டாய். இருக்கறவரைக்கும் தொட விடமாட்டா, அவ போன மறுநாளே ரெண்டு லாரி வரச்சொல்லி மொத்தத்தையும் அள்ளிடுவேன் என்றேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அவள் அப்போது கீழே அந்தப் புத்தகங்களுக்கு அடியில் கிடந்தாள், அவள் படுத்திருந்த இடத்துக்கும் நான் நின்ற படிக்கும் நடுவில் ஒரு ஜன்னல்தான்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். சாயங்காலம் வெளியே வந்து, நீங்க கீழ போங்க, நான் வந்தா அவங்க பேச மாட்டாங்க என்றாள்.

போனேன். மூன்று வருஷத்தில் அந்த வாசற்படியை முதல்முதலாக அன்றுதான் தாண்டினேன். அத்தை ஹாலில் ஒரு மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து சீட்டுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிற்கவும் இடமில்லை, உட்காரவும் இடமில்லை, காலண்டர் கட்டுமேல் உட்கார்ந்தேன். விழுந்தியாமே என்றேன். எல்லம்மா சொல்லிட்டாளா என்றாள். ஏன்க்கா என்னைக் கூப்பிடலை என்றேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, கூப்பிடலாம்னுதான் இருந்தேன், நீ போன் பேசிட்டிருந்தே என்றாள். கேட்டுச்சா என்றேன். கேட்டுச்சு, ரெண்டு லாரி பத்தாதுடா, மூணு சொல்லு என்றாள். சிரிக்காமல் சொன்னாள். மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் போனேன், நம் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகியதில்லை, எனக்கும் வரவில்லை. அவள் இன்னொரு சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

அவள் அதை எழுதி முடித்ததும், இவ்வளவு நாள் ஒரு டப்பாகூடத் தராதவ இப்ப எப்படிக்கா தர மனசு வந்தது என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். நீ ஏத்தி அனுப்பினது எங்க போச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது ஜீவா, பெருங்களத்தூர் பக்கம் குப்பை மேட்டைப் பாத்தாகூட என் மிக்ஸி கிடக்குதான்னு கண்ணு தேடுது. இதுங்க எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அந்தக் குக்கர்ல தினம் பருப்பு வேகுது. அந்த ஸ்வெட்டரை மேரின்னு ஒருத்தி போட்டிருக்கா, ஆஸ்துமாக்காரி. நான் எதையும் விட்டுடலை, வேற இடத்துல வெச்சிருக்கேன், அவ்வளவுதான். கீழ கிடந்தப்ப நீ லாரின்னு சொன்னதும், நான் போறதுக்கு முன்னாடி இதுங்களை யார் கையிலாவது சேர்த்துடணும்னு தோணிச்சு என்றாள். வீட்டை எழுதிக் கொடுத்துட்டியா என்று அப்போதும் என் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டது. உயில் எழுதியாச்சு, யாருக்குன்னு உனக்குச் சொல்ல மாட்டேன், நீ வில்லங்கம் போட்டுப் பாத்தா அதுல வராது என்றாள். சுப்ரமணியன் அவளிடமும் உளறியிருக்கிறார்.

நான் ஸ்டோர்ஸ்காரன்தானே, பிரிச்சு அடுக்க உதவி பண்ணட்டுமா என்று கேட்டேன். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள், என் இரண்டு கையையும் பார்த்தாள். இல்லத்தில் பார்த்தது மாதிரியே இன்னொரு நோட்டை எடுத்து ஒரு புதுப் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். அதே வாசகம். குப்பையில் போட மாட்டேன், பழைய கடையில் போட மாட்டேன். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். தேதியும் போடு என்றாள், போட்டேன்.

இப்போது மூன்று வாரமாகச் சனிக்கிழமை நானும் கூடப் போகிறேன். முதல் வேலையாக அந்த டைரக்டரிகளை பீரோ மேலிருந்து இறக்கிவிட்டேன், அவற்றைக் கொடுக்க மட்டும் அவளுக்கு மனசில்லை, கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருக்கிறோம், விழுந்தாலும் இனி யார் மேலும் விழாது. ஓடாத மிக்ஸி நாலில் இரண்டை நானே பிரித்து ஒன்றாக்கினேன், இல்லத்தில் இப்போது அதில்தான் சட்னி அரைக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு இன்னும் சந்தேகங்கள் உண்டு. இது தர்மமா என்பதில் முதல் சந்தேகம், கொடுத்த பிறகும் தன்னுடையது என்று வாராவாரம் போய்ப் பார்க்கிறவள் கொடுத்தவள் ஆவாளா. அம்மாவிடம் கேட்டேன், பருப்பு சாப்பிடறவளுக்கு அதெல்லாம் எதுக்கு என்று சொல்லிவிட்டாள். பின் அறையை அத்தை இன்னும் திறக்கவில்லை, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். போன வாரம் இல்லத்திலிருந்து திரும்பும்போது அவள் பை உப்பலாக இருந்தது, பார்த்தால் அவர்கள் எறிய வைத்திருந்த காலி எண்ணெய் டப்பா நாலு. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு ஆட்டோவுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏழு பை போனால் ஒரு பை உள்ளே வருகிறது, அதுவும் ஒரு கணக்குத்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

இனி நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவு நீளம். என் போனுக்கு வேண்டாம், அத்தையின் நம்பருக்கே நீ ஒருநாள் கூப்பிடு. அவள் விழுந்தது உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, லாரி பற்றிய பேச்சை எடுத்து மன்னிப்பும் கேட்காதே, நீ அழுவாய், அவளும் அழுவாள், அதோடு போனை வைத்துவிடுவாள். அவளிடம் ஏதாவது ஒரு பொருளைக் கேள். நான் பட்டியல் எல்லாம் தர மாட்டேன், நீயே யோசித்து உனக்கு நிஜமாகவே வேண்டியதைக் கேள். வெறும் பேச்சுக்குக் கேட்காதே, கண்டுபிடித்துவிடுவாள். தினமும் கையில் எடுக்கப் போகிற பொருளாக இருக்கட்டும், ஏனென்றால் வாரத்துக்கு ஒருதடவை அதை வீடியோவில் காட்டச் சொல்வாள், எடுத்தவுடனே காட்டும்படி பக்கத்திலேயே வைத்துக்கொள். நோட்டில் உன் பேருக்கு ஒரு பக்கம் அவளே கோடு போட்டு வைத்திருப்பதைப் போன சனிக்கிழமை பார்த்தேன். பொருள் என்ற கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். காலையில் வெறும் காபியோடு ஓடாதே, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ. கடவுள் உங்கள் இருவருக்கும் நல்ல உடம்பையும் குறைவில்லாத மனசையும் கொடுக்கட்டும். அத்தையைப் புதன்கிழமை கூப்பிடாதே, அன்று எல்லம்மா வருகிற நாள், அது அவளோடு வாசலில் பேசிக்கொண்டே இருக்கும். வியாழக்கிழமை காலையில் கூப்பிடு.

உன் அன்பு அப்பா,
ஜீவானந்தம்